அது என் உப்பு

அன்று காலை ஒன்பதரை மணிக்குள் எண்பது பெண்கள் அழுது முடித்துவிட்டார்கள். அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. போட்டிக்கு வந்தவர்கள் மேக்கப் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் அழுகை முடிந்துவிட்டது. கைதட்டல் முடிந்துவிட்டது. வாய் பொத்தி அதிர்ச்சி, எழுந்து நின்று ஆரவாரம், பக்கத்திலிருப்பவரைப் பார்த்து 'அடப்பாவமே' தலையாட்டல், எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தாகிவிட்டது. எங்கே எது தேவையோ அங்கே பிறகு வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

அழ வைத்தது நான்தான். வெறும் மேடையைக் காட்டி, "அக்கா, மாமியார் மருமகளை வீட்டை விட்டுப் போன்னு சொல்லிட்டாங்க, பாருங்க, பாருங்க" என்பேன். பீளமேட்டில் ஒரு தையல் வகுப்பிலிருந்து வேன் வைத்துக் கூட்டி வந்த எண்பது பேரும் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அக்கா மட்டும், "போகச் சொன்னாப் போயிட்டுப் போகுது அம்மணி, இட்லி எப்ப வரும்?" என்றார். நடுவராக வரும் அம்மா இன்னும் கெட்டிக்காரி. காலையிலேயே மூன்று விதமாக அதிர்ச்சி அடைந்து கொடுத்துவிட்டு, வேனில் ஏசியைப் போட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நிகழ்ச்சியின் பெயர் 'ஒரே அடுப்பு, ரெண்டு கரண்டி'. வாரம் ஒரு மாமியாரும் மருமகளும் ஜோடியாகச் சமைக்க வேண்டும். சமையல் சும்மா சாக்கு. சண்டை வர வேண்டும், அதுதான் நிகழ்ச்சி. சேனல் சென்னையில். படப்பிடிப்பு மட்டும் பீளமேட்டில், மூடிக் கிடந்த ஒரு மில்லின் பழைய பஞ்சுக் கிடங்கில். நெட்டில் படம் நேரடியாகச் சென்னைக்குப் போகும். அங்கே உட்கார்ந்துகொண்டு சேனல்காரர்கள் "கண்ணீர் பத்தலை" என்று போனில் சொல்வார்கள்.

என் வேலைக்குப் பெயர் கிடையாது. இரண்டு வாரம் முன்பே போட்டியாளர்களுக்குப் போன் போட்டு, அக்கா அத்தை என்று பழமையும் ஊர்க்கதையும் பேசி, அவர்கள் வீட்டில் எதற்கெல்லாம் சண்டை வரும் என்று கறந்துகொள்வேன். அதை வைத்துச் சண்டை எழுதுவேன். நாற்பது வாரமாக நாடே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்து வாயைப் பிளந்த அத்தனை சண்டையும் என் கையெழுத்து. ஆனால் கடைசியில் பெயர்கள் ஓடும்போது 'கதைக்குழு' என்று போட்டு அதன் கீழே ஒரே ஒரு பெயர்தான் வரும்: கிருபாசங்கர். ஒரே ஆள் எப்படிக் குழு ஆவார் என்று நான் கேட்டிருக்கிறேன். சிரித்தார். ஜெனரேட்டர் வண்டிக்காரர் பெயர் வரும். புடவை கொடுத்த ஆர்.எஸ்.புரம் கடையின் பெயர் இரண்டு தடவை வரும். அன்புக்கரசி வர மாட்டாள்.

இதில் எனக்கு என்ன அவ்வளவு ஆத்திரம் என்றால், கொடுமுடிப் பக்கம் எங்கள் ஊரில் என் அம்மா நஞ்சம்மாள் இருக்கிறாள். மஞ்சள் காட்டில் களை எடுத்து என்னை விஸ்காம் படிக்க வைத்தவள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. "புள்ளை டிவில வேலை" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது, பக்கத்து வீட்டு பாத்திமுத்து அக்காவை டிவி முன்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொல்வாள். நாற்பது வாரமும் அந்தக்கா "இல்லியே நஞ்சம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறது. போன மாதம் அம்மா போனில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நெசமாலுமே டிவிலதான் இருக்கறயா கண்ணு? வேற எங்காச்சும் வேலை செஞ்சுபோட்டு, அம்மா வருத்தப்படுவான்னு பொய் சொல்றயா?"

அன்றைக்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் வேண்டாம். பெயர் வேண்டும்.

கிருபாசங்கருக்கு அது தெரியும். அந்த வெள்ளிக்கிழமை காலை, அழுகையெல்லாம் எடுத்து முடித்ததும், என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்பு, இன்னிக்கு ஜோடி ரொம்ப டல். மத்தியானத்துக்குள்ள ஒரு சண்டை, நெஜக் கண்ணீர். குடுத்துட்டீன்னா இந்த வாரமே உன் பேர் டைட்டில்ல."

"எழுதிக் குடுங்க சார்."

"என்ன, நம்பிக்கை இல்லையா?"

"இல்லைங்க சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். நான் உண்மையைச் சொன்னால் அதைக் காமெடி என்று எடுத்துக்கொள்வது அவர் பழக்கம்.

ஜோடி டல் என்று அவர் சொன்னது குறைவு. மாமியார் குழந்தையம்மாள், அறுபது வயது, கொடுமுடிக்குப் பக்கத்தில் பெரிய தோட்டத்து வீடு. மருமகள் பிரவீனா, ஆறு வருஷம் முன்பு கல்யாணமாகி வந்தவள். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்கள் வேனை விட்டு இறங்கும்போதே இடுப்பில் கைவைத்துத் தயாராக இறங்குவார்கள். இவர்கள் இருவரும் வேனை விட்டு இறங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. "நீங்க எறங்குங்க அத்தை." "இல்ல கண்ணு, நீ மொதல்ல எறங்கு, படி ஒசரமா இருக்குது." கடைசியில் டிரைவர் இறங்கிப் போய்விட்டார்.

குழந்தையம்மாள் வீடு எனக்குப் புதிதல்ல. எங்கம்மா அவர்கள் மஞ்சள் காட்டுக்குக் களை எடுக்கப் போயிருக்கிறாள். போனில் பேசும்போது அவர் கேட்கத்தான் செய்தார், "எந்தூரு அம்மணி? யாரு ஊட்டுப் புள்ள?" அந்தக் கேள்விக்குள் என்னென்ன இருக்கும் என்று எனக்குப் பாலர் வகுப்பிலேயே தெரியும். "ஈரோடுங்க" என்று சொல்லி மழுப்பிவிட்டேன். கள்ளங்கபடம் இல்லாமல் அவர் அரை மணி நேரம் பேசினார். அப்போதுதான் ஒரு விஷயம் சிக்கியது. அவர்கள் வீட்டில் ஆக்கும்போது யாரும் ருசி பார்க்க மாட்டார்கள். சாமிக்கு ஒரு பிடி எடுத்துவைத்த பிறகுதான் வாயில் வைப்பார்கள். "உப்பெல்லாம் கையே சொல்லுமுங்க. முப்பது வருசமா கை பொய் சொன்னதில்லீங்க" என்றார். அதை நான் நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டு வைத்திருந்தேன்.

முதலில் சாதாரண வழியைப் பார்த்தோம். பிரவீனாவிடம் ஒரு வசனம் கொடுத்தேன்: 'உங்க கைப்பக்குவம் பழசாப் போச்சு, இனிமே அடுப்படி என்னுது.' கேமரா ஓடியது. பிரவீனா வெங்காயத்தை உரித்துக்கொண்டே திரும்பினாள்.

"அத்தை, உங்க கைப்பக்குவம் பழசாப் போச்சுங்களாமா. அப்படிச் சொல்லச் சொல்றாங்க."

"சொல்லு சாமி, சொல்லு. பாவம், இத்தனை பேரு வேலையை உட்டுப்போட்டு நிக்கறாங்க. இன்னும் கொஞ்சம் கோவமாச் சொல்லு."

ஒலிப்பதிவு செய்யும் தல்ஹா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். உக்கடத்துக்காரன், எனக்கு அந்தக் கிடங்கில் இருந்த ஒரே சிநேகிதன். "அக்கா, இவங்களுக்குச் சண்டை போடச் சொல்லிக்குடுக்கவே தனியா ஒரு வகுப்பு வெக்கணும்" என்றான்.

அடுத்தது தனியறை. ஒரு நாற்காலி, ஒரு கேமரா, நான். ஒருவரைப் பற்றி இன்னொருவர் மனம்திறந்து பேசுவது மாதிரி டிவியில் வருமே, அது. நான் எதைக் கேட்டேன் என்பது மட்டும் வெளியே வராது. பிரவீனாவிடம் மாமியாரைப் பற்றிக் கேட்கவே இல்லை. விவசாயத்தைப் பற்றிக் கேட்டேன். மஞ்சளுக்கு மருந்தடிக்கும் நாளைப் பற்றி அவளே சொன்னாள். "தாங்க முடியாதுங்க. விசமுங்க அது. ஊட்டுக்குள்ள நொழைஞ்சாலே தலை கிறுகிறுங்குது. எல்லாத்தையும் உட்டுப்போட்டு எங்காச்சும் போயிரலாம்னு இருக்குமுங்க."

வெளியே வந்தபோது கிருபாசங்கர் என் முதுகில் தட்டினார். "மருந்தை வெட்டிட்டு மாமியார் மூஞ்சியை ஒட்டினா, அடடா! நீ ஆர்ட்டிஸ்ட் அன்பு. ஆனா அந்த மூஞ்சி வேணுமே. அவங்க சிரிச்சுக்கிட்டே இருந்தா எதை ஒட்டறது?"

எனக்கு அந்தப் பாராட்டு அசிங்கமாக இருந்தது. அடுத்த நிமிஷமே, பெயர் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

அவர்கள் ஆக்கியது அரிசிம்பருப்பு. எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாத ஆள் கிடையாது. தாளித்துத் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கொதித்த பிறகு அரிசியையும் பருப்பையும் கழுவிப் போட வேண்டும். பிரவீனா உப்புப் போட்டாள். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் கிருபாசங்கர், "லைட் சரியில்லை, நாலு நிமிஷம் பிரேக்" என்று கத்தினார். லைட் நன்றாகத்தான் இருந்தது. இருவரையும் பவுடர் போட அழைத்துப் போனார்கள். கேமராக்கள் அணைந்தன. மேடையில் அடுப்பும் சட்டியும் நானும்.

இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டேன். அந்தத் தோட்டத்து வீட்டில் எங்கம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்றைக்கும் சொம்பைத் தராமல் கையில் தூக்கித்தான் ஊற்றுவார்கள். என் கை உப்பை அந்த வீட்டு நாக்கு ருசி பார்க்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு குஷிகூட வந்தது. கரண்டியால் கலக்கிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

சோறு வெந்து இறக்கியதும் குழந்தையம்மாள் கேமராக்காரரிடம், "ஏனுங்க, கெழக்கு எந்தப்பக்கம்?" என்று கேட்டார். அவர் ஏதோ ஒரு பக்கம் காட்ட, அந்தப் பக்கம் வாழையிலைத் துண்டில் ஒரு பிடி வைத்துக் கும்பிட்டார். பிறகு நடுவரம்மாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பி உட்காரவைத்தோம். நெய் ஊற்றிப் பரிமாறினார்கள். நடுவரம்மா ஒரு வாய் வைத்தார். காலையில் கொடுத்த மூன்று அதிர்ச்சியும் வேஸ்ட். இது நான்காவது, அசல். தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை.

குழந்தையம்மாள் முகம் மாறியது. தானும் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்று, விழுங்கினார். பிரவீனாவும் எடுத்தாள். அவளும் விழுங்கினாள்.

"என்ற தப்புத்தானுங்க" என்றார் குழந்தையம்மாள். "புள்ளை போட்டது தெரியாம நானும் ஒருக்கா போட்டுட்டேனுங்க. வயசாச்சுல்லீங்க."

"இல்லீங்க, அத்தை போடவே இல்லீங்க" என்றாள் பிரவீனா. "நாந்தானுங்க. கேமராவைப் பார்த்த பதட்டத்துல கை தாராளமாப் போயிருச்சு."

"நீ சும்மா இரு கண்ணு. நாந்தான் போட்டேன்."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லீங்க அத்தை. எனக்காக எதுக்குங்க பொய் சொல்றீங்க?"

"யாரு பொய் சொல்றது? இத்தனை சனத்து முன்னால என்னையப் பொய்க்காரிங்கறயா?"

"பின்னே என்னங்க? போடாத உப்பைப் போட்டேன்னா அதுக்குப் பேரு என்னங்க?"

தல்ஹா என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. பிரவீனாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. ஒரு 'ங்க' கூடக் குறையாமல் ஏறியது. அதுதான் பயங்கரம்.

"ஆறு வருசமா இதேதானுங்க. பாலு பொங்கி ஊத்துனா 'நாந்தான் பாக்காம உட்டுட்டேன்'. தோசை கருகுனா 'நாந்தான் அடுப்பைக் கூட்டி வெச்சேன்'. வந்த விருந்தாளி வெளக்கமாத்தை எடுத்தாப் புடுங்குவாங்களே, அந்த மாதிரி என்ற தப்பை எல்லாம் புடுங்கிக்கறீங்க. அந்த ஊட்டுல எனக்குன்னு ஒரு தப்பாச்சும் பண்ண உரிமை இருக்குதாங்க? நானென்ன இன்னும் விருந்துக்கா வந்திருக்கறேன்?"

"விருந்தாளி மாதிரியா வெச்சிருக்கறேன்?" குழந்தையம்மாளின் கரண்டி கீழே விழுந்தது. "உனக்கென்னடி தெரியும்? என்ற மாமியா, நாப்பது ஆளுக்கு ஆக்குன சோத்துல உப்புக் கூடிப்போச்சுன்னு, அந்தச் சட்டியோட என்னையக் களத்துல நிக்க வெச்சா. உச்சி வெயிலு. வேலைக்கு வந்த அத்தனை பேரும் பார்த்தாங்க. என்ற மருமவளுக்கு அந்தக் கெரகம் வரக்கூடாதுன்னுதான் நான்..." அதற்கு மேல் வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிரவீனாவும் அழுதாள். ஆனால் பக்கத்தில் போகவில்லை. போய்த் தொடவில்லை. திரும்பி நின்றாள்.

என் காதில் மாட்டியிருந்த கருவியில் கிருபாசங்கர் குதித்துக்கொண்டிருந்தார். "சூப்பர்! கண்ணீர்! ரெண்டு மூஞ்சியும் டைட்டா வை. பேச்சு எதுவும் வேணாம், அதை எடுத்துரலாம். மேல அந்த 'விசமுங்க, உட்டுப்போட்டு போயிரலாம்' போட்டா முடிஞ்சுது. அன்பு, உன் பேர் டைட்டில்ல! கேட்குதா?"

கேட்டது. நாற்பது வாரமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை.

நான் ஏன் மேடைக்கு ஏறினேன் என்று தல்ஹா பிறகு கேட்டான். மனசாட்சி என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். எனக்கு வந்தது எரிச்சல். நாற்பது வாரமாக நான் எழுதியதற்கெல்லாம் வேறு ஆள் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார். கடைசியாக என் கையால் இரண்டு கை உப்புப் போட்டேன், அதையும் இரண்டு பேர் என்னுது உன்னுது என்று பங்கு போடுகிறார்கள். அதற்காக ஆறு வருஷ உறவை வேறு உடைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாக் கேமராவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ரெண்டு பேரும் போடலைங்க. நாந்தான் போட்டேன். அது என் உப்பு."

காலையில் அத்தனை அழகாக வாய் பொத்திய எண்பது பேரில் ஒருவர்கூட இப்போது பொத்தவில்லை. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசை அக்கா எழுந்தே விட்டார். "ஏம்மா, சோத்துல போயி கை வெப்பாங்களா?"

குழந்தையம்மாள் முந்தானையை இறக்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ போன்ல பேசுன புள்ளைதானே? எதுக்கு அம்மணி போட்ட?"

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போடோணும்னு. ருசி பார்க்க மாட்டீங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"ஈரோடுன்னயே. ஈரோட்டுல யாரு ஊடு?"

இந்தத் தடவை மழுப்பவில்லை. "ஈரோடு இல்லைங்க. உங்களுக்கு அடுத்த ஊருதான். நஞ்சம்மாள் புள்ளை. உங்க மஞ்சக் காட்டுக்குக் களை எடுக்க வருவாங்க."

கீழே விழுந்த கரண்டியைக் குழந்தையம்மாள் குனிந்து எடுத்தார். பஞ்சுக் கிடங்கின் தகரக் கூரை வெயிலில் டக் டக் என்று விரிந்தது. பிறகு அவர் வெடித்தார்.

"நஞ்சம்மா புள்ளையா நீயி? அவ களை எடுத்த காட்டுல ஒரு கோரை மிஞ்சாது. அவ பெத்ததா சோத்துல உப்பை அள்ளிக் கொட்டுனது?"

"அவங்க" என்றேன்.

"என்ன?"

"என்னைய என்ன வேணும்னாலும் திட்டுங்க, போட்டது நாந்தான். எங்கம்மாளை அவன்னு சொல்லாதீங்க. அவங்கன்னு சொல்லுங்க. நடுவரை அவங்கங்கறீங்க, கேமராக்காரரை ஏனுங்கங்கறீங்க, கொதிக்கற கோவத்துலகூட உங்க மருமக உங்களை 'ங்க' போட்டுத்தான் திட்டறாங்க. எங்கம்மாளுக்கு மட்டும் அது ஏன் தீர்ந்துபோகுது?"

அழவில்லை. அந்தக் கிருபாசங்கருக்கு என் கண்ணீரையும் கொடுப்பேனா?

மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை குழந்தையம்மாள். ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. அவங்க" என்றார். "அவங்க பெத்த புள்ளையா இப்படிப் பண்ணுச்சு? உன்னைய நீன்னு சொல்லலாமில்ல? உப்பு உன்றதுதானே?"

"சொல்லுங்க."

"அப்ப நீயி உக்காரு. உக்காந்து உண்ணு. நீ போட்ட உப்பை நீயே தின்னு பாரு."

இலையில் ஒரு கரண்டி வைத்தார். எண்பது பேர் பார்க்க நான் உட்கார்ந்து தின்றேன். அம்மாடி, கடலையே விழுங்கின மாதிரி இருந்தது. மூன்றாவது வாயில் எனக்குப் புரையேறியது. முதலில் சிரித்தது பிரவீனா. சிரித்துக்கொண்டே வந்து என் தலையில் தட்டினாள். "போதுமுங்க அத்தை, புள்ளைக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும்." அதன் பிறகுதான் அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். "ஆனாலும் அந்தப் பாலு பொங்குனது நாந்தானுங்க. அதை உட்டுக்குடுங்க."

"பாலு உன்றதுதான் கண்ணு. தோசை மட்டும் என்றது."

"பாதி."

கிருபாசங்கர் மேடைக்கு ஓடி வந்தார். முகம் சிவந்திருந்தது. "வெளிய போ! இப்பவே! இனிமே இந்த ஊர்ல எந்த செட்லயும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். போன் அடித்தது. சென்னை. "ஆமா சார்... இல்ல சார், பிளான் பண்ணலை... அந்தப் பொண்ணு எங்க டீம்தான் சார்... அப்படியா சார்?" என்று அவர் குரல் ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் தேனாகிவிட்டது. சேனலில் பத்துப் பேர் கூடி நின்று பார்த்தார்களாம். உப்புப் பெண்ணை வெட்டக் கூடாதாம். முன்னோட்டம் மாலைக்குள் வேண்டுமாம்.

"அன்பும்மா" என்று வந்தார். நாற்பது வாரத்தில் முதல் 'அம்மா'. "ஒரு சின்னக் கையெழுத்து."

கேமராவில் யார் முகம் வந்தாலும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும். போட்டியாளர்கள் காலையிலேயே போட்டுவிட்டார்கள். நான் போட்டதில்லை, என் முகம் வருமென்று யார் கண்டது? அந்தப் படிவங்களை வாங்கி அடுக்குவதும் என் வேலைதான் என்பதால், கோப்பு என் கையிலேயே இருந்தது. இத்தனை வாரமும் நூற்றுக்கணக்கானவர்களிடம் நீட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுதாகப் படித்தேன். 'என் உருவம், குரல் ஆகியவற்றை நிறுவனம் தொகுத்து, மாற்றி, எந்தப் பொருளிலும் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.'

"இந்த 'மாற்றி, எந்தப் பொருளிலும்' எனக்கு வேணாம் சார்" என்று பேனாவால் அடித்தேன். "நான் பேசினது பேசின மாதிரியே வரணும். அப்புறம் கதைக்குழுல என் பேர்."

"பேர் போடறேன், பிராமிஸ். அடிக்கறது மட்டும்..."

"எங்களுதுலயும் அப்படித்தான் எழுதியிருக்குதா கண்ணு?" குழந்தையம்மாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க படிக்காம கையெழுத்துப் போட்டுட்டோம். மாத்திப் போடுவாங்களா?"

"போடுவாங்க" என்றேன். மருந்தை வெட்டி மாமியாரை ஒட்டுவதைப் பற்றிச் சொன்னேன். நான்தான் அதைக் கறந்தேன் என்பதையும் சொன்னேன். உப்பை ஒத்துக்கொண்டாகிவிட்டது, இதை மட்டும் எதற்கு ஒளித்து வைக்க?

பிரவீனாவின் சிரிப்பு போய்விட்டது. "நான் அத்தையைச் சொன்னதா வந்திருக்குமா?"

"ஏனுங்க" என்று குழந்தையம்மாள் கிருபாசங்கரைக் கூப்பிட்டார், சாமியைக் கூப்பிடுகிற மரியாதையோடு. "இன்னும் பரிசு குடுக்கற சீன் எடுக்கோணுமில்லீங்க? எங்களுதையும் இந்தப் புள்ளை அடிச்சுக் குடுத்தா எடுத்துப்போட்டுப் போறோமுங்க. இல்லீன்னா கொடுமுடி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

அவர் குரலில் ஒரு துளி கோபமில்லை. கிருபாசங்கர் அப்படிப்பட்ட மிரட்டலை வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை போலும். என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் அடித்த போனைப் பார்த்தார். "அடி, அடிச்சுத் தொலை" என்றார்.

மூன்று படிவத்திலும் அடித்தேன். ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் அவரையும் கையெழுத்துப் போட வைத்தேன். என் படிவத்தின் அடியில், இனி வாராவாரம் கதைக்குழுவில் என் பெயர் வரும் என்றும் எழுதி வாங்கிக்கொண்டேன். அதையும் அவர் காமெடி என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ஊரில் இருந்தேன். அம்மா வேலைக்குப் போகவில்லை. பாத்திமுத்து அக்கா, தெருவில் பாதிப்பேர், எல்லாரும் எங்கள் ஒற்றை அறையில். முன்னோட்டத்திலேயே என் முகம் வந்துவிட்டதால் கூட்டம் வாசலையும் தாண்டி நின்றது.

உப்பை ஒத்துக்கொண்ட இடம் வந்ததும் அம்மா என் தொடையில் ஓங்கிக் கிள்ளினாள். "ஊரான் ஊட்டுச் சோத்துல உப்பள்ளிப் போடறதுக்காடி காலேஜு?"

"அம்மா, வலிக்குது, பாரு, பாரு."

'அவங்க' என்று நான் சொன்ன இடத்தில் அம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். டிவியில் குழந்தையம்மாள் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்தார். சொன்னார். அம்மா மெதுவாக மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். பிறகு பாத்திமுத்து அக்காவிடம் திரும்பி, "கோரை மிஞ்சாதுங்கறது நெசந்தான்" என்றாள். அவ்வளவுதான், பேச்சு பிடித்துக்கொண்டது. கோரைக்கிழங்கை எப்படித் தோண்ட வேண்டும், யார் யார் அரைகுறையாக எடுப்பார்கள், போன வருஷம் எந்தக் காட்டில் என்ன ஆயிற்று என்று அறை முழுக்க ஒரே இரைச்சல்.

அந்த இரைச்சலில்தான் பெயர்கள் ஓடின. சேனல்காரர்கள் பெயர்களை ஒரு ஓரத்துக்கு ஒதுக்கி, மீதித் திரையில் சோப்பு விளம்பரம் போட்டார்கள். ஜெனரேட்டர் வண்டி போனது. புடவைக் கடை ஒரு தடவை போனது. கதைக்குழு: கிருபாசங்கர், ந. அன்புக்கரசி. அரை நொடிகூட நிற்கவில்லை.

"வந்துருச்சு! அம்மா! வந்துருச்சு!"

"என்னது வந்துச்சு?"

"பேரும்மா! எம்பேரு! பாத்திமுத்தக்கா, நீங்க பார்த்தீங்களா?"

"நான் இவகூடப் பேசிட்டிருந்தேன் சாமி. வந்துச்சா? எங்க?"

ஒருத்தரும் பார்க்கவில்லை. நாற்பத்தொரு வாரம். தெருவில் பாதி சனம் அறைக்குள். கோரைக்கிழங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் கத்தின கத்தலில் வாசலில் நின்ற கோழி ஓடிவிட்டது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஆத்திரம் அவளுக்குச் சிரிப்பை மூட்டிவிட்டது போல. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரமும் வருமா?"

"வரும். ஒவ்வொரு வாரமும் வரும். எழுதி வாங்கியிருக்கறேன்."

"அப்பறம் என்ன? அடுத்த வாரம் எத்தனை மணிக்கு?"

"இதே ஒரு மணிதாம்மா."

"பாத்திமுத்து, அடுத்த வாரம் ஒரு மணிக்கு யாரும் வாயைத் தொறக்கக் கூடாது, சொல்லிப்போட்டேன்" என்றாள் அம்மா. பிறகு எழுந்து, எல்லாருக்கும் சோறு போடப் போனாள்.